சர்க்கரை 186 தான், ஆனாலும் கீட்டோ அமிலத்தேக்கம்: மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைக்க முயன்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் அளவுமீறிப் பெருகி ரத்தத்தை அமிலமாக்கும் ஆபத்தான நிலைதான் கீட்டோ அமிலத்தேக்கம். இங்கே விவரிக்கப்படும் நோயாளி ஒரே ஒரு ஆள் அல்ல. மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைக்க முயல்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை. மருந்துகளின் செயல்பாடும் ஆய்வு முடிவுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

தொடக்க நிலை

48 வயது ஆண். உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ, உடல் நிறை குறியீடு 33.3, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு, கூடவே உயர் ரத்த அழுத்தம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1%. ரத்தக் கொழுப்புகளில் டிரைகிளிசரைடு 262, ‘நல்ல’ கொழுப்பான எச்டிஎல் 36, ‘கெட்ட’ கொழுப்பான எல்டிஎல் 118 (மூன்றும் மி.கி./டெ.லி.). கல்லீரல் நொதியான ஏஎல்டி 62. கொழுப்புக் கல்லீரலுக்கான சாயல் இருந்தது. சிறுநீரகச் செயல்பாடு இயல்பு.

எடுத்துவந்த மருந்துகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1,000 மி.கி. இரண்டு வேளை, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு 2 மி.கி. காலையில், எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. உடன் சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு (தயசைடு) 12.5 மி.கி. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மருந்துப் பட்டியல்தான் இந்த நிகழ்வின் மையம். மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதம் பெரும்பாலும் தட்டைச் சுற்றியே நடக்கிறது. உண்மையில் ஆபத்தின் பெரும்பகுதி மாத்திரை டப்பாவில் இருக்கிறது. இதே உணவு முறையை மாத்திரை ஏதும் எடுக்காத 35 வயதுக்காரர் தொடங்கியிருந்தால், முதல் வாரத் தலைவலியோடு கதை முடிந்திருக்கும்.

அவர் யாரிடமும் கேட்காமல், நாளுக்கு 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து என்ற பட்டியலைப் பின்பற்றத் தொடங்கினார். அதுவரை அவர் சாப்பிட்டது ஏறத்தாழ 2,400 கலோரி. அதில் மாவுச்சத்து 330 கிராம். ஒரே நாளில் 330-இலிருந்து 25-க்கு இறங்கினார். மாத்திரைகளில் மாற்றம் எதுவும் செய்யவில்லை.

பத்து நாட்கள்

மூன்றாம் நாள்: தலைவலி, சோர்வு, கெண்டைக்காலில் பிடிப்பு. ஐந்தாம் நாள்: எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், நின்ற நிலையில் ரத்த அழுத்தம் 98/62. அன்று முற்பகலில் கை நடுக்கம், வியர்வை. வீட்டுக் கருவியில் சர்க்கரை 58. அவர் கிளிமெபிரைடை நிறுத்தினார். அந்த முடிவு சரி. ஆனால் மற்ற மருந்துகளைத் தொடவில்லை. ஏழாம் நாள் தராசு 3 கிலோவுக்கு மேல் குறைந்ததாகக் காட்ட, உற்சாகம் கூடியது. ஒன்பதாம் நாள் குமட்டல், வயிற்றுவலி, சாப்பாட்டின் மேல் வெறுப்பு. கருவியில் சர்க்கரை 172. ‘சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வயிற்றுக்கோளாறுக்கான மாத்திரை போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் ஓயாத வாந்தி, மூச்சு வேகம்.

அவசரப் பிரிவில் எடுத்த எண்கள்: சர்க்கரை 186. தமனி ரத்த பிஎச் 7.24 (அமிலம் கூடிய நிலை). அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 10 (குறைவு). சோடியம் 134, குளோரைடு 99; ஆகவே ரத்தத்தில் சேர்ந்துள்ள அமிலத்தைக் காட்டும் அயனி இடைவெளி 134 – (99 + 10) = 25. கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் 6.4 மில்லிமோல்/லிட்டர். லாக்டேட் இயல்பு. பொட்டாசியம் 4.1. எடை 89.9 கிலோ.

நோய்க்கணிப்பு: சர்க்கரை பெரிதாக ஏறாமலே வரும் நீரிழிவுக் கீட்டோ அமிலத்தேக்கம், நடுத்தரத் தீவிரம்.

ஏன் நடந்தது

மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் சுரப்பு குறையும். இன்சுலின் குறைந்தால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியேறும். கல்லீரல் அவற்றைக் கீட்டோன்களாக்கும். மூளை நாளுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும் உறுப்பு. அது கிடைக்காதபோது கீட்டோன் மாற்று எரிபொருளாகிறது. ஆரோக்கியமான ஒருவரிடம் இந்த அளவு 0.5 முதல் 3 மில்லிமோல்/லிட்டர் வரை போய் நின்றுவிடும். காரணம், கீட்டோன் ஏறினால் கணையம் சற்று இன்சுலினைச் சுரந்து, கொழுப்பு உடைவதைத் தடுத்துவிடும். கீட்டோ உணவைப் பாதுகாப்பானது என்று சொல்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் கடிவாளத்தைத்தான்.

இவரிடம் அந்தக் கடிவாளம் மூன்று இடங்களில் அறுந்தது. முதலாவது, எம்பாகிளிஃப்ளோசின். எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் வகையைச் சேர்ந்த இந்த மருந்து, குளுக்கோஸைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அளவு நாளுக்குப் பல பத்து கிராம்கள். 25 கிராம் மாவுச்சத்து மட்டுமே உள்ளே போகும் உடலிலிருந்து அதைவிட அதிகக் குளுக்கோஸ் வெளியே போனால், கல்லீரல் உருவாக்கிக் கொடுப்பதும் கழிவாகிறது. இந்த மருந்து, இன்சுலினுக்கு எதிராகச் செயல்படும் குளூக்ககான் ஹார்மோனையும் உயர்த்தும். அது கீட்டோன் உற்பத்தியைத் தூண்டும். இரண்டாவது, கிளிமெபிரைடு நின்றதால் கணையத்துக்கு இருந்த தூண்டுதல் போயிற்று. ஏழாண்டு நீரிழிவில் கணையத்தின் கையிருப்பும் குறைவு. மூன்றாவது, நீரிழப்பு. எஸ்ஜிஎல்டி2 தடுப்பான், தயசைடு, இன்சுலின் குறைந்ததால் சிறுநீரகம் கூடுதலாக விடும் சோடியம் என மூன்று வழிகளிலும் நீர் வெளியேறியது. உடல் வறண்டால் கார்டிசால், அட்ரினலின் போன்ற எதிர் இன்சுலின் ஹார்மோன்கள் ஏறும். கீட்டோன் மேலும் ஏறும்.

சர்க்கரை 186-இல் நின்றதற்குக் காரணமும் அதே மருந்துதான்: சிறுநீரில் குளுக்கோஸ் ஒழுகிக்கொண்டே இருந்ததால் ரத்தத்தில் ஏறவில்லை. எனவே வீட்டுக் கருவியின் எண் நல்ல செய்தி போலத் தோன்றியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்து வகைக்குக் கீட்டோ அமிலத்தேக்க எச்சரிக்கையை 2015-இலேயே வெளியிட்டது. அப்படியிருந்தும் ‘சர்க்கரை 250-க்குக் கீழே, ஆகவே கீட்டோ அமிலத்தேக்கம் இல்லை’ என்ற பழைய தர்க்கம் இன்னும் வாழ்கிறது.

இன்னொரு பொறி: சிறுநீர்க் கீட்டோன் பட்டை. அது அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனை மட்டுமே காட்டும். அமிலத்தேக்கத்தில் பெருமளவு இருப்பது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். பட்டைக்கு அது தெரியாது. சிகிச்சை பலிக்கும்போது ஒன்று மற்றொன்றாக மாறுவதால், ஆள் தேறிவரும் நேரத்தில் பட்டையின் நிறம் மேலும் கருக்கும். விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் கருவியே நம்பத்தக்கது.

சிகிச்சை

எல்லா மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. முதல் மணி நேரத்தில் 0.9% சலைன் ஒரு லிட்டர். மணிக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.1 யூனிட் கணக்கில் இன்சுலின். சர்க்கரை ஏற்கெனவே 250-க்குக் கீழே இருந்ததால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) திரவம் தொடக்கத்திலிருந்தே ஓடியது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிடும் என்பதால் திரவத்தில் பொட்டாசியமும் சேர்க்கப்பட்டது. ரத்தத்தில் அது 3.5-க்குக் கீழே போயிருந்தால் இன்சுலினையே தள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

இங்கே பிழை நடக்கும் இடம் ஒன்று உண்டு. சர்க்கரை 140, 120 என்று இறங்கும்போது, ‘போதும்’ என்று இன்சுலின் நிறுத்தப்படும். அப்படி நிறுத்தினால் கீட்டோன் மீண்டும் ஏறும். நோய் இருப்பது கீட்டோனில். இன்சுலினைத் தொடர்ந்துகொண்டே டெக்ஸ்ட்ரோஸைக் கூட்ட வேண்டும். பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் 0.6-க்குக் கீழே, பிஎச் 7.3-க்கு மேல் அல்லது பைகார்பனேட் 18-க்கு மேல் வந்த பிறகே கணக்கு முடியும். இவருக்கு அது 16 மணி நேரத்தில் நடந்தது. எம்பாகிளிஃப்ளோசினின் விளைவு நிறுத்திய பிறகும் சில நாட்கள் நீடிக்கக்கூடும் என்பதால் நான்காம் நாள் வரை கண்காணிப்பில் இருந்தார். வீடு திரும்பும்போது எடை 92.6 கிலோ.

அந்த 4.1 கிலோவின் கணக்கு

வீடு திரும்பியவரின் முதல் வருத்தம் எடை திரும்பியதைப் பற்றியதுதான். கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. பத்து நாளும் தினம் 1,200 கலோரி குறைத்திருந்தாலும் மொத்தம் 12,000. அதாவது அதிகபட்சம் ஒன்றரைக் கிலோ கொழுப்பு. மிச்சம் இரண்டரைக் கிலோ எங்கே போனது? கல்லீரலில் சுமார் 100 கிராம், தசையில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் சேமிப்பு உண்டு. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் அந்த நீரும் போகும். சோடியத்தோடு போன நீர் தனி. சலைனும் டெக்ஸ்ட்ரோஸும் உள்ளே போனதும் 2.7 கிலோ திரும்பி வந்தது.

முதல் வாரத் தராசு எண்ணை வைத்து இந்த உணவு முறையைப் புகழ்வதும், ஒரு விருந்துக்குப் பிறகு ஒன்றரைக் கிலோ ஏறியதை வைத்துத் திட்டுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். எடையைப் பதினைந்தாம் நாளிலிருந்து கணக்கில் எடுப்பது நியாயம். ஏழு நாள் சராசரியை ஒப்பிட வேண்டும். ஒரு நாள் எண்ணை அல்ல.

பயன் எவ்வளவு, எவ்வளவு காலம்

இப்படி ஒரு விபத்துக்குப் பிறகு மாவுச்சத்துக் குறைப்பையே தடை செய்வது எளிது. ஆனால் அவருடைய சர்க்கரை, டிரைகிளிசரைடு, கல்லீரல் மூன்றுமே இந்த உணவு முறைக்கு நன்றாக இசையும் வகை. எனவே சான்றுகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

எடையைப் பொறுத்தவரை, குறைந்த காலத்தில் சற்று முந்துகிறது. பிறகு மற்றவை எட்டிப் பிடித்துவிடுகின்றன. 2003-இல் வெளிவந்த, 63 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் மாவுச்சத்துக் குறைத்த குழு மூன்று, ஆறு மாதங்களில் தெளிவாக முந்தியது. பன்னிரண்டாம் மாதத்தில் புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ இழந்தார்கள். இந்த வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கதல்ல. யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மரபணு வகையோ இன்சுலின் சுரப்போ முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘உங்கள் மரபணுவுக்கேற்ற டயட்’ என்று விற்கப்படும் பரிசோதனைகளை வாங்கும் முன் இந்த வரியை ஒருமுறை படிக்கலாம். 2022-இல் காக்ரேன் அமைப்பு 61 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், சமச்சீர் மாவுச்சத்து உணவோடு ஒப்பிட்டால் எடையில் வேறுபாடு மிகச் சிறிது அல்லது இல்லை என்றே முடிந்தது.

இரண்டு ஆய்வுகள் இந்த விவாதத்தின் இரு முனைகளையும் உலுக்குகின்றன. ஒன்று, அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2021-இல் வெளியிட்டது. 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரு வாரம் விலங்குணவு சார்ந்த கீட்டோ உணவும், இரு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவும் விருப்பம் போல் சாப்பிடவிட்டார்கள். கொழுப்புக் குறைந்த உணவின்போது நாளுக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும், இன்சுலின் பசியை ஏற்றும் என்ற நேர்கோட்டு விளக்கத்துக்கு இது இடம் தரவில்லை. மற்றொன்று பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வு. நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் திரவ உணவைச் சில மாதங்கள் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் 46% பேருக்கு நீரிழிவு பின்வாங்கியது. அந்தத் திரவத்தின் கலோரியில் ஏறத்தாழ 59% மாவுச்சத்து! நீரிழிவைப் பின்வாங்க வைத்தது எடை இழப்பு. 15 கிலோவும் அதற்கு மேலும் இழந்தவர்களில் 86% பேர் பின்வாங்கல் கண்டார்கள்.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைப்பதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லையா? இருக்கிறது, எடையில் அல்ல, சர்க்கரையிலும் டிரைகிளிசரைடிலும். 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பகுப்பாய்வில், ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5%-க்குக் கீழே வந்தவர்கள் மாவுச்சத்துக் குறைப்பில் 57%, ஒப்பீட்டு உணவுகளில் 31%. பன்னிரண்டாம் மாதத்தில் அந்த முன்னிலை பெரும்பாலும் கரைந்தது. எல்டிஎல் சற்று மோசமானது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுபவருக்கு இந்த ஆறு மாதம் மதிப்புள்ளது. மருந்தைக் குறைக்கவும், கல்லீரல் கொழுப்பைக் கரைக்கவும், நம்பிக்கை பெறவும் அது போதும். நீரிழிவு இல்லாதவருக்கோ இது பல வழிகளில் ஒரு வழி, அவ்வளவே.

நீண்டகாலத்துக்கு, மாவுச்சத்தை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி. அமெரிக்காவில் 15,428 பேரைப் பின்தொடர்ந்து 2018-இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வில், கலோரியில் 50 முதல் 55% மாவுச்சத்து உண்டவர்களிடம் இறப்பு மிகக் குறைவு. 40%-க்குக் கீழும் 70%-க்கு மேலும் கூடுதல். மாவுச்சத்துக்குப் பதில் விலங்குப் புரதமும் கொழுப்பும் வந்தால் இறப்பு கூடியது. தாவரப் புரதமும் கொழுப்பும் வந்தால் குறைந்தது. பின்தொடர் ஆய்வு காரணத்தை நிறுவாது என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

இரண்டாம் முயற்சி: முதலில் மருந்து, பிறகு தட்டு

மூன்று வாரம் கழித்துத் தொடங்கப்பட்டது. உணவில் கை வைக்கும் முன் மருந்துகள் மாற்றப்பட்டன.

எம்பாகிளிஃப்ளோசின் திரும்பத் தரப்படவில்லை. கிளிமெபிரைடு நிறுத்தப்பட்டே இருந்தது. மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரை தராது. எனவே முழு அளவில் தொடர்ந்தது. தயசைடு நீக்கப்பட்டு டெல்மிசார்டன் மட்டும். இன்சுலின் போடுபவராக இருந்திருந்தால், மாவுச்சத்தைக் குறைக்கும் அதே நாளில் மொத்த அளவில் 30 முதல் 50% குறைத்து, தினம் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு என்றால், நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் அடித்தள இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் வைட்டமின் கே ஏறி மருந்தின் வீரியம் குறையும். ரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இலக்கு நாளுக்கு 110 கிராம் மாவுச்சத்து. 130 கிராமுக்குக் கீழே என்றால் ‘குறைந்த மாவுச்சத்து’ என்பது பொது வழக்கு. 20 முதல் 50 கிராம் என்பது கீட்டோ எல்லை. நீரிழிவுக்கு வேண்டிய பயனில் பெரும்பங்கு 110-லேயே கிடைக்கும். கீட்டோன் கவலை மிகவும் குறையும். 330-இலிருந்து ஒரே நாளில் இறங்காமல் 220, 160, 110 என்று வாரம் ஒரு படியாக இறங்கினார். முதல் முயற்சியின் தலைவலியும் பிடிப்பும் இம்முறை வரவில்லை.

புரதம் 95 கிராம். இதைத் தற்போதைய 92 கிலோவுக்குக் கணக்கிடாமல், சரிக்கட்டிய எடையான (கூடுதல் எடையில் ஒரு பகுதியைக் கழித்த எடை) 78 கிலோவுக்கு கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்கிட்டது. கொழுப்பு 92 கிராம். கலோரியாக்கிக் கூட்டினால் 440 + 380 + 828. ஏறத்தாழ 1,650 கலோரி.

தட்டில் அது இப்படி விழுந்தது. காலையில் இரண்டு முட்டை, முழுத்தானிய ரொட்டி இரண்டு துண்டு (மாவுச்சத்து 26 கிராம்), காய்கறி. மதியம் வெந்த சோறு 100 கிராம் (28), வெந்த பருப்பு 100 கிராம் (20, இதில் 8 நார்), மீன் அல்லது கோழி 120 கிராம், மாவுச்சத்தில்லாத காய்கறி 200 கிராம் (10 வரை). மாலையில் தயிர் 150 கிராம் (7), கொட்டைப் பருப்பு 25 கிராம் (5). இரவு மீன், டோஃபு அல்லது முட்டை, காய்கறி 200 கிராம், அரை ஆப்பிள் (12).

அளப்பதில் மூன்று இடத்தில் வழுக்கும். வேகாத அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து. வெந்த சோறு 100 கிராமில் 28. அட்டவணையில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தால் கணக்கு மூன்று மடங்கு மாறும். இரண்டாவது, பொட்டல லேபிள்: அமெரிக்க முறையில் மாவுச்சத்து என்ற வரியில் நாரும் அடக்கம், ஐரோப்பிய முறையில் நார் ஏற்கெனவே கழிக்கப்பட்டது. ஐரோப்பிய லேபிளில் இன்னொருமுறை நாரைக் கழிப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். மூன்றாவது கொழுப்பு. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. பாதாம் 100 கிராம் சுமார் 580. ‘மாவுச்சத்து இல்லை, அளவே தேவையில்லை’ என்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்பவரின் எடை நின்றுபோவது இங்கேதான்.

உப்பில் அவசரம் கூடாது. கீட்டோ வட்டாரங்களில் நாளுக்கு 5 கிராம் சோடியம் வரை பரிந்துரைப்பார்கள். அது 12 கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 5 கிராம் உப்பு. உயர் ரத்த அழுத்தக்காரருக்குத் தயசைடை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் தலைச்சுற்றல் தீரும். பிடிப்புக்குப் பொட்டாசியம் பொடியும், ‘சோடியம் குறைந்த உப்பு’ம் வாங்கிச் சேர்ப்பது இன்னும் ஆபத்து: அந்த உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு குலையும் அளவுக்கு ஏறலாம்.

கண்காணிப்பு: முதல் இரு வாரம் வெறும் வயிற்றில், உணவுக்கு முன், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, காலையில் உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம். இரண்டாம் வாரம் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின். பன்னிரண்டாம் வாரம் கொழுப்புப் பட்டியல், எச்பிஏ1சி, யூரிக் அமிலம். கீட்டோன்களும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுவதால் தொடக்கத்தில் யூரிக் அமிலம் ஏறும். கீல்வாதம் உள்ளவரை அது தாக்கும். குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை தேவைப்பட்டால், அதற்கு முன் மூன்று நாள் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உண்ண வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நீரிழிவு இருப்பதாகக் காட்டும்.

பன்னிரண்டாம் வாரத்தில் வந்த இன்னொரு சிக்கல்

எடை 87.9. எச்பிஏ1சி 6.7%. டிரைகிளிசரைடு 128. ஆனால் எல்டிஎல் 118-இலிருந்து 167.

உணவுப் பதிவேட்டைக் கேட்டதும் காரணம் தெரிந்தது. முதல் மாதம் மீனும் கொட்டையும் இருந்த இடத்தில் மெல்ல வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி வந்துவிட்டன. காலையில் வெண்ணெய் கலந்த காபி ஒன்றும் சேர்ந்திருந்தது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்வது குறையும். ‘டிரைகிளிசரைடு இறங்கிவிட்டது, எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை, அது பெரிய துகள்’ என்ற வாதம் பரவலாக இருக்கிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள 48 வயதுக்காரரிடம் அந்த வாதத்தை வைத்துப் பரிசோதனை நடத்த முடியாது. வெண்ணெய், சீஸ் இரண்டும் விதை எண்ணெய், கொட்டை, மீன் எனத் திருப்பப்பட்டன. அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. தொடங்கப்பட்டது, உணவு எதுவாக இருந்தாலும் இந்த வயது நீரிழிவாளருக்கு அது தேவைப்பட்டிருக்கும். 24-ஆம் வாரம் எல்டிஎல் 96.

24-ஆம் வாரத்தில் மற்றவை: எடை 84.9 கிலோ, எச்பிஏ1சி மெட்ஃபார்மின் மட்டும் கொண்டு 6.4%, ஏஎல்டி 34, ரத்த அழுத்தம் 124/78. 92.6-இலிருந்து 7.7 கிலோ குறைவு. அதைக் கலோரியாக்கி 168 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரிப் பற்றாக்குறை. திட்டப்படி அது 700-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். பாதி பதிவேட்டில் ஏறாத வாய்க்கொறிப்பு. மீதி, எடை குறையக் குறைய உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வது. எந்த உணவு முறையிலும் இந்த இடைவெளி இருக்கும்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் (பாலூட்டும்போது கடும் மாவுச்சத்துக் குறைப்பால் கீட்டோ அமிலத்தேக்கம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன), உணவுக் கோளாறு வரலாறு உள்ளவர்கள், கொழுப்பை எரிப்பதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள், போர்ஃபைரியா (ரத்தச் சிவப்பணு நிறமி உருவாவதில் கோளாறு) உள்ளவர்கள் கடும் வடிவத்தை எடுக்கக் கூடாது. முற்றிய சிறுநீரக நோயில் புரதம் கூடும் எந்த வடிவமும் வேண்டாம். கணைய அழற்சி வந்தவர்களும், டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டுபவர்களும் கொழுப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் நின்றே ஆக வேண்டும். பித்தக்கல் உள்ளவர்கள் வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமான எடை இழப்பே கல்லை வளர்க்கும்.

எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் எடுப்பவர் கீட்டோ அளவுக்கு இறங்கக் கூடாது. இதில் விதிவிலக்கு தேடுவது வீண். காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை, நீண்ட பட்டினி ஆகியவற்றின்போது அந்த மாத்திரை நிறுத்தப்பட வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே. உடல் சரியில்லாத நாளில் மாவுச்சத்துக் குறைப்பையும் கைவிட்டு, கஞ்சியோ பழச்சாறோ குடிக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் சர்க்கரை என்ன எண் காட்டினாலும் ரத்தக் கீட்டோன் பார்க்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும், 3-ஐத் தாண்டினால் மருத்துவமனை.

ஓராண்டு முடிவில்

எடை 86.8 கிலோ, ஆறாம் மாதத்தைவிட 1.9 கூடுதல், தொடக்க 94-ஐவிட 7.2 குறைவு. மாவுச்சத்து தானாகவே 150 கிராமுக்கு நகர்ந்திருந்தது. எச்பிஏ1சி 6.7%. மீண்டும் 110-க்கு இறக்க அவர் தயாராக இருந்தார்; ஆனால் பதிவேட்டில் கூடியிருந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கொறிப்பு. எனவே 150-ஐ அப்படியே விட்டு, வாரம் இருமுறை தசைப் பயிற்சியும் மாலை நடையும் சேர்க்கப்பட்டன. எம்பாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தரும் பாதுகாப்பை இழக்கிறாரே என்ற கேள்வி எழுந்தது. தூண்டுகாரணம் தெரிந்த அமிலத்தேக்கத்துக்குப் பிறகு அதைத் திரும்பத் தரலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இவருக்கு இதய நோயோ சிறுநீரில் புரத ஒழுக்கோ இல்லை. அதனால் திரும்பத் தரவில்லை. எச்பிஏ1சி 7%-ஐத் தாண்டினால் அடுத்த மருந்தாக, எடையையும் குறைக்கும் ஜிஎல்பி1 ஊசி என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. எம்பாகிளிஃப்ளோசினின் பெயர் ஒவ்வாமைப் பகுதிக்கு அருகே சிவப்பு மையில், காரணத்தோடு பதிவாகியுள்ளது.